தாரணியின் புள்ளி

மௌரீன் மிஸ் வகுப்பென்றால் பியூசி, அதாவது பிளஸ் டூ, பிள்ளைகள் மட்டம் போடமாட்டார்கள். புள்ளியியலைப் போய் யார் சிரிக்கச் சிரிக்க நடத்துவார்கள்? இவர் நடத்துவார். ஒவ்வொரு பிள்ளையும் கரும்பலகையில் ஒரு புள்ளி. புள்ளிக்கு மூக்கு, கண்ணாடி, கோணல் பல் எல்லாம் உண்டு. மிஸ் விவேக் நகர்க்காரர், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய்த்துடுக்கு கூடவே பிறந்தது.

அன்று, படிக்கும் நேரத்தையும் மதிப்பெண்ணையும் வைத்துப் படம். எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டை ஒட்டி ஏறின. தாரணி மட்டும் தனியே, கீழே. தினம் ஏழு மணி நேரப் படிப்பு, பதினெட்டு மார்க். அதற்கு இரட்டைப் பின்னலும் கொட்டாவியும் போட்டார் மௌரீன்.

"இதான் அவுட்லையர். கோட்டையே கீழ இழுக்குது பாருங்க. தூக்கிட்டா?" டஸ்டரால் ஒரே இழுப்பு. "அப்பாடா! இப்ப எவ்ளோ அழகா நிக்குது!"

வகுப்பே கைதட்டியது. தாரணியும் சிரித்தாள். வழக்கம்போல எல்லாரும் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தருடையது, கெட்டது இன்னொருத்தி. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சையே போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை மௌரீன் பொம்மனஹள்ளிக்குப் பஸ் ஏறினார்.

ஒற்றை அறை வீடு. தாரணியின் அம்மா ஜெயலட்சுமி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கார்மெண்ட்ஸ்ல சேர்ந்துட்டா மிஸ். இன்னிக்கு ஓவர்டைம்."

"நாளைக்கு ஒருநாள் அனுப்புங்கம்மா. நான் பேசிக்கிறேன்."

"வர மாட்டா மிஸ். எவ்ளோவோ சொல்லிப் பார்த்தேன். எனக்குப் படிப்பு ஏறலம்மான்னுட்டா. பாவம், புக்கைத் தொறந்தா எழுத்தெல்லாம் ஆடுதுன்னு அழுவா."

விலகி நிற்கும் புள்ளியை அழிக்கும் முன் ஏன் என்று கேட்க வேண்டும். வருஷா வருஷம் மௌரீன் சொல்லிக் கொடுக்கும் பாடம்தான். தாரணியிடம் மட்டும் கேட்கவில்லை.

"ஆனா உங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல," என்றபடி ஜெயலட்சுமி தன் போனைத் தேடி எடுத்தாள். "மிஸ் என்னைப் படமா வரைஞ்சாங்கன்னு சொன்னா. அவகிட்டக் கெஞ்சிக் கேட்டு இந்தப் போட்டோவை வாங்கி வெச்சேன். இதுல எம் பொண்ணு எது மிஸ்?"

திரையில் அன்றைய கரும்பலகை. கோடு நேராக இருந்தது. அதைச் சுற்றிச் சிரிக்கும் முகங்கள். கீழே, மூலையில், வெள்ளையாக ஒரு தேய்ப்பு.

மௌரீனின் விரல் அதன்மேல் நின்றது. "இங்க இருந்தா," என்றார்.

ஜெயலட்சுமி குனிந்து பார்த்தாள். "அய்யோ, அழுக்கு மிஸ்," என்று முந்தானையால் திரையை அழுத்தித் துடைத்து மறுபடி நீட்டினாள்.

"இப்பத் தெரியுதா?"