யமுனா ஏறினாளா?

பாஞ்சாலியின் கதாநாயகி யமுனா, பாவம், பல நாளாகப் பொம்மிடி ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தாள். ரயில் வந்தாயிற்று. கையில் பெட்டி இருக்கிறது. ஏறுவதா, புருஷன் வீட்டுக்கே திரும்புவதா என்று முடிவு சொல்ல வேண்டியவள் பாஞ்சாலி. அவளுக்கோ உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைக்கவில்லை.

செல்போனில் தொடர்கதை போடும் ஒரு செயலி நடத்திய போட்டி அது. மற்ற அத்தியாயங்களையெல்லாம் சோறு வேகும் நேரத்திலும் நல்லம்பள்ளி பஸ்ஸிலுமாகத் தட்டித் தள்ளிவிட்டாள். கடைசி அத்தியாயம் மட்டும் மசியவில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் இதுவரை எழுதியது அத்தனையும் கணக்கில் வராது. அவள் எழுதுவது வீட்டில் ஒரு ஆளுக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்தபின் தனக்கென்று செய்யும் ஒரே காரியம், அது அந்தரத்தில் நின்றுபோனால் அவளால் தாங்க முடியாது.

வீடா அது! இருப்பது பதினோரு பேர், கத்துவது இருபது பேர் மாதிரி. மாடிக்குப் போனால் காயப்போட்ட புளிக்கு மாமனார் காவல் இருப்பார், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். மோட்டார் ரூமில் புருஷன் பச்சியப்பன் பாய் விரித்துப் படுத்திருப்பான். குளியலறையில் தாழ்போட்டு நாலு வரி தட்டுவதற்குள் ஓரகத்தி சசிகலா வந்துவிடுவாள். "அக்கா, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

சனிக்கிழமை பட்டுப்புழு தூங்கப் போனது. அப்போதுதான் பாஞ்சாலிக்குப் பளிச்சென்று பட்டது.

புழு வளர்க்கும் மனை வீட்டுக்குப் பின்னால், மல்பெரித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அதற்குப் பொறுப்பு பாஞ்சாலிதான். தோலுரிக்கும் சமயம் புழு தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதைத்தான் தூக்கம் என்பார்கள். அப்போது தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுச் சும்மா விட்டுவிட வேண்டும். கண்ட ஆளும் உள்ளே போனால் புழுவுக்கு நோவு வந்துவிடும் என்று அந்த வீட்டில் அப்படியொரு பயம். பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைக்காமல் மாமனாரே வாசலைத் தாண்ட மாட்டார்.

"புழு தூங்குதுங்க, யாரும் அந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, பாஞ்சாலி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தழைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அடடா, என்ன அமைதி! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எங்கெங்கோ தேடினாளே, கண்ணெதிரே இருந்திருக்கிறது! விரல் பறந்தது. யமுனாவின் மாமியார் பேசினாள், புருஷன் பேசினான், டீ விற்கிறவன்கூட இரண்டு வார்த்தை பேசினான். யமுனா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலையில் புழு எழுந்துவிட்டது. பாஞ்சாலி பார்த்தாள். பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு இரை தேடி ஊர ஆரம்பித்திருந்தது. சொன்னால் வீடே தழைக்கட்டோடு உள்ளே வந்துவிடும். "இன்னும் தூங்குதுங்க" என்று பச்சியப்பனிடம் வாய் கூசாமல் புளுகினாள். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தாள். அது மதியத்தைத் தாண்டிப் போயிற்று.

நாலு மணிக்கு மாமியார் குள்ளம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புழு வளர்ப்பில் ஊறிய மனுஷி. அவளிடம் தூக்கக் கதை செல்லுமா? புழு ஊர்ந்த தட்டுகளைப் பார்த்தாள், கவிழ்த்த கூடையைப் பார்த்தாள், மருமகள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! காலையிலயே எழுந்திருச்ச புழுவப் பட்டினி போட்டுட்டு போனா நோண்டுற? வாடிப் போச்சுன்னா கூடு எப்படிடி கட்டும்? டேய் பச்சியப்பா! எல்லாரும் தழை எடுத்தாங்கடா!"

வீடு மொத்தமும் கால் நனைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. பாஞ்சாலிக்கு அழுகை முட்டியது. புழுவைப் பட்டினி போட்டது தப்புதான். ஆனால் மணி நாலரை, யமுனா இன்னும் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். தழையைப் பரப்பிக்கொண்டே ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"கதை எழுதறேன் அத்தே. போட்டி. ஆறு மணியோட முடியுது. யமுனான்னு ஒருத்தி, படிச்சவ. வேல கெடச்சிருக்கு, புருஷன் வூட்ல விடமாட்டேங்கறாங்க. பொட்டிய எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டா. ரயிலும் வந்துருச்சு..."

குள்ளம்மாளின் கை தழையோடு நின்றது. "ஏறினாளா?"

"தெரியல அத்தே. அதத்தான் எழுதணும்."

"தெரியலயா? பொம்பளய ஸ்டேஷன்ல நிக்க வெச்சுட்டு இங்க வந்து தழை போட்டுட்டிருக்க? போடி, போய் உக்காரு! ஏறினாளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பாஞ்சாலி மறுபடி கூடைமேல் உட்கார்ந்தாள். குள்ளம்மாள் சும்மா இருக்கவில்லை. தழையோடு கதையும் தட்டுக்குத் தட்டு போயிற்று. புருஷன்காரன் கையாலாகாதவன் என்றாள் சசிகலா. பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்றார் மாமனார். "சொன்னா வுட்டிருப்பீங்களாக்கும்?" என்று குள்ளம்மாள் பாய்ந்தாள். பச்சியப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"அவளக் கூப்புடாத. எழுதறா" என்று குள்ளம்மாள் அவனை அடக்கினாள்.

அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை. பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றிலும் சந்தை மாதிரி இரைச்சல், தழை சரசரப்பு, சசிகலாவின் குரல். அத்தனைக்கும் நடுவில் யமுனா முதல் முறையாக வாயைத் திறந்தாள். அவள் பேசப் பேசப் பாஞ்சாலி தட்டினாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு தட்டினாள்.

ஆறாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டு, கூடையை உதைத்துத் தள்ளி எழுந்து நின்றாள்.

"ஏறிட்டா!"

சசிகலா விசிலடித்தாள். மாமனார்கூடச் சிரித்துவிட்டார்.

"சரி, ஏறிட்டா. எங்க போய் எறங்கறா?" என்றாள் குள்ளம்மாள்.

"அதுக்கு இன்னொரு கதை எழுதணும் அத்தே."

குள்ளம்மாள் கையிலிருந்த கடைசித் தழையைத் தட்டில் போட்டுவிட்டு மனையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கூடு எடுத்ததும் இது காலியாத்தான கெடக்கப் போகுது. உக்கார ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுக்கோ. கூடை பிஞ்சுரும்."