பங்களாதேஷ் போடாத கையெழுத்து

பங்களாதேஷ் என்ற பேரைக் கேட்டாலே காசிமாயனுக்குச் சோறு இறங்காது. இருபது வருஷமாகத் திருப்பூரில் கட்டிங் மேசை முன்னால் நின்று துணி வெட்டுகிற ஆள். ஆர்டர் குறைந்தால், "பங்களாதேஷுக்குப் போயிருச்சாம்" என்பார்கள். கூலி ஏற்றிக் கேட்டால், "பங்களாதேஷ்ல இதைவிடக் கம்மிக்குத் தைக்கிறான்" என்பார்கள். அந்த நாட்டை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளி மாதிரி, அதன் மேல் அவருக்கு ஒரு தீராத கோபம்.

அதனால்தான் மகள் வேல்விழி ஒரு சாயங்காலம் வந்து, "அப்பா, எனக்குப் பங்களாதேஷக் குடுத்துட்டாங்க" என்றதும், தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏத்தா, ஒலகத்துல வேற நாடே இல்லையா?" என்றார்.

வேல்விழி படித்தது மங்கலம் ரோட்டில் இருக்கிற ஒரு கல்லூரியில், பி.காம் இரண்டாம் வருஷம். அங்கே வருஷா வருஷம் ஐ.நா. சபை போலவே ஒரு கூட்டம் நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு நாடு. இரண்டு நாள் அந்த நாட்டின் தூதராகவே உட்கார்ந்து பேச வேண்டும், கூட்டுச் சேர வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும். எல்லாரிலும் சிறந்த தூதர் என்று பேர் வாங்குகிறவரைச் சென்னையில் நடக்கும் பெரிய மாநாட்டுக்குக் கல்லூரியே அனுப்பிவைக்கும். ஒருத்தரைத்தான். போன வருஷம் வேல்விழிக்கு அது நூலிழையில் தவறியது. இந்த வருஷம் அதை விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

இந்த வருஷத்துப் பொருள் ஆயத்த ஆடை வியாபாரம். திருப்பூர்க் கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு, பனியன் துணியைப் பற்றி, இந்தியா என்ற பலகையை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் யார் கை தட்ட மாட்டார்கள்? அந்த நாற்காலி அனிதாவுக்குப் போய்விட்டது.

அனிதா வேறு யாரோ இல்லை. சாமளாபுரத்துப் பெண், அப்பா மாரப்பனுக்குச் சொந்தத்தில் ஆறு தறி. இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே சோமனூர் பஸ், ஒரே சீட். காலையில் சாமளாபுரத்தில் முதலில் ஏறுகிறவள் அனிதா. மங்கலத்தில் ஏறப்போகிற வேல்விழிக்கு ஜன்னலோரத்தை விட்டு, அதில் டிபன் பையை வைத்து வருவாள். சாயங்காலம் ஜன்னல் அனிதாவுக்கு. யாரும் பேசி வைத்த ஒப்பந்தம் இல்லை, அப்படியே பழகிவிட்டது. முதல் வருஷம் மைக்கைப் பார்த்தாலே அனிதாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பஸ்ஸிலேயே பேசச் சொல்லிப் பேசச் சொல்லி அந்த அடைப்பை எடுத்துவிட்டவள் வேல்விழி. இப்போது அந்தத் தொண்டைக்கு இந்தியா.

"இந்தியாவை யார் வேணா பேசிரலாம் வேல்விழி," என்றார் பொறுப்பாசிரியர் ராபின். "இந்த ஊர்ல உட்காந்து பங்களாதேஷா பேசிக் கேக்க வைக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்."

"சரிங்க சார்," என்றாள். அழுகிற பிள்ளைக்குக் கையில் மிட்டாயைக் கொடுக்கிற பேச்சு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். அனிதாவிடம் ஒரு நீலக் கோட்டு இருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நாக்கு இருந்தது. காரணம் அதுதான் என்று வேல்விழிக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அனிதா சிரித்தால்கூட இவளுக்கு அடிவயிற்றில் ஒரு காந்தல்.

முதல் நாள் வேல்விழி நன்றாகவே பேசினாள். தமிழிலும் பேசலாம் என்று ராபின் சார் முட்டி மோதி அனுமதி வாங்கியிருந்தது அவளுக்குத் தோதாகப் போயிற்று. எழுந்து நின்றதுமே, வியட்நாம் பலகைக்குப் பின்னாலிருந்த செல்வக்குமார், "மொதல்ல எங்க ஆர்டரத் திருப்பிக் குடுங்க" என்றான். கூடம் சிரித்தது.

"தலைவர் அவர்களே," என்றாள் வேல்விழி. "ஆர்டரைப் பங்களாதேஷ் எடுத்துப் போகவில்லை. கொடுத்தவர்தான் இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தார். அங்கிருந்தும் ஒருநாள் எடுப்பார். வியட்நாம் நண்பர் எதற்கும் தம் பையை ஒருதரம் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்."

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம். தலைவர் நாற்காலியில் இருந்த மாதவன், கோயம்புத்தூர் சட்டக் கல்லூரிக்காரன், குனிந்து எதையோ குறித்துக்கொண்டான். அனிதாவும் கை தட்டினாள். வேல்விழி அதை மட்டும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் இந்தியா எழுந்தது.

"எங்க நாட்டுல ஒரு கட்டிங் மாஸ்டர்," என்று அனிதா ஆரம்பித்ததும் வேல்விழிக்குப் புரிந்துவிட்டது. "போன வருஷம் குழந்தைகள் சட்டைக்கு நாலாயிரம் பீஸ் வெட்டினார். நெஞ்சில் முயல் முகம் அச்சடித்து வந்தது. தைக்க எடுக்கிற நேரத்தில், வரி ஏறிவிட்டது என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் அவருக்கு வேலை இல்லை. ஒருநாள் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறார். அங்கே மெக்கானிக் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த வேஸ்ட் துணியில் ஒரு முயல். கழுத்து வளைவைப் பார்த்ததும் அது தன் கத்தி வெட்டியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். பாதிப்பேர் வீட்டில் கத்தியோ ஊசியோ பிடிக்கிற கை உண்டு.

அது வேல்விழியின் அப்பா. அவள் பஸ்ஸில் சொன்ன கதை. "இத நான் சொல்லிக்கட்டுமா புள்ள?" என்று அனிதா போன வாரம் கேட்டதும், "சொல்லிக்கயேன்" என்று இவள் தலையாட்டியதும் உண்மைதான். அன்றைக்கு அது வெறும் கதையாக இருந்தது. இப்போது நீலக் கோட்டுக்குள்ளிருந்து வந்து ஊரையே எழுப்பி நிறுத்தியது. இந்தியா பலகை தன்னிடம் இருந்திருந்தால் அந்தக் கைதட்டல் யாருக்கு என்ற கணக்கை அவளால் நிறுத்த முடியவில்லை. பங்களாதேஷால் முயலைச் சொல்ல முடியாதே.

சாப்பாட்டுக்குப் பிறகு நாடுகள் எழுந்து நடந்து பேசுகிற நேரம். தீர்மானம் மேடைக்கு வர வேண்டுமானால் எட்டு நாடுகள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை, இதைப் பேச வைக்கலாம் என்பதுதான் என்று ராபின் சார் பத்துத் தடவையாவது சொல்லியிருந்தார். ஒரு நாடு ஒரு தாளில்தான் போடலாம். அமெரிக்கா தன் தாளுக்கு முந்திக்கொண்டு ஆள் பிடித்துவிட்டது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் அனிதா இவளிடம் ஓடி வந்தாள்.

"வேலு, ஏழு ஆச்சு புள்ள. நீயொண்ணு போட்டீன்னா மேடைக்குப் போயிரும்."

வேல்விழி தாளை வாங்கிப் படித்தாள். மூன்றாவது பத்தியில் கண் நின்றது. *துணியில் கத்தி வைத்த பிறகு ஆர்டரை நிறுத்துகிறவர், வெட்டிய துணிக்கும், அதைத் தைக்கக் காத்திருந்த கைக்கும் பதில் சொல்ல வேண்டும்.*

தானே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பங்களாதேஷ் யோசிக்கணும்," என்றாள்.

"என்னத்த யோசிக்கோணும்? எங்களவிட உங்களுக்குத்தான் இது நல்லது. உங்கூர்ல இல்லாத கேன்சலா?"

"கையெழுத்துன்னா சும்மாவா. எங்கப்பா வெறும் பேப்பர்ல போட்டுப் பட்டது ஒனக்குத் தெரியும்ல."

அது உண்மையில் நடந்தது. பழைய கம்பெனியில் சேருகிற அன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளில் காசிமாயனிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் கழித்து, அவரே வேலையை விட்டு நின்றுகொள்வதாக அதே தாளில் எழுதியிருந்தது. அந்தக் கதையும் அனிதாவுக்குத் தெரியும்.

"இது வெறும் பேப்பர் இல்லியே புள்ள," என்றாள் அனிதா. "எழுதித்தான இருக்குது. நீ படிச்சுத்தான பாத்தே."

"பங்களாதேஷ் போடாது."

அனிதா அவள் முகத்தையே பார்த்தாள். "பங்களாதேஷ் போடாதா, நீ போட மாட்டியா?"

வேல்விழி பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அனிதா தாளை வாங்கிக்கொண்டு இலங்கையிடம் ஓடினாள், துருக்கியிடம் ஓடினாள். எல்லாரும் ஏற்கெனவே அமெரிக்காவின் தாளில் போட்டிருந்தார்கள். மணி அடித்தது. அமெரிக்காவின் தாள் மேடை ஏறி, பேசப்பட்டு, நிறைவேறியது. ஒத்துழைப்பு என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் வந்தது. கத்தி என்ற சொல் எங்கேயும் இல்லை.

பரிசு சொல்லுமுன் மாதவன் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டான். "ரெண்டு நாளும் நல்லாப் பேசினது பங்களாதேஷ்தான்," என்றான். "ஆனா அந்த நாட்டுக்கு ரொம்ப நல்லது செய்யற ஒரு தாள் அவங்க கைக்கே வந்திருக்கு. அதுல அவங்க கையெழுத்துப் போடல. ஏன்னு எங்களுக்குப் புரியல. தூதரா உக்காந்திருக்கிறவங்க அந்த நாட்டுக்காகத்தான் உக்காந்திருக்காங்க, தங்களுக்காக இல்ல. இந்தியா எழுதின தாளு மேடைக்கே வரல, அதனால அவங்களையும் எடுக்க முடியல."

சிறந்த தூதர், வியட்நாம். செல்வக்குமார் தன்னைத்தான் கூப்பிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த நிமிஷம் வேல்விழிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அனிதாவுக்கும் கிடைக்கவில்லை என்கிற நிம்மதி. வெயிலில் நடந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் ராபின் சார் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அவர் பங்களாதேஷ் பலகையைக் கையில் எடுத்து, துடைத்து, மற்றப் பலகைகளோடு அடுக்கினார்.

சாயங்கால பஸ்ஸில் வேல்விழி வழக்கம்போல ஜன்னலோரத்தை விட்டு உட்கார்ந்தாள். அனிதா ஏறி, இவளைத் தாண்டிப் போய், முன்னால் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கூடையோடு ஏறிய ஒரு அம்மா வந்து, "உள்ள தள்ளி உக்காரு கண்ணு, எடந்தான் இருக்குதே" என்றார். வேல்விழி தள்ளி உட்கார்ந்தாள். சாயங்கால ஜன்னலில் காற்று வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் அம்மா பாண்டியம்மாள் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலைக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. காசிமாயன் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னத்தா, பங்களாதேஷ் செயிச்சுச்சா?"

"இல்லப்பா."

"நல்லது," என்றவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார்.

சொன்னாள். கையெழுத்துப் போடாததையும், அதற்கு அவருடைய வெள்ளைத் தாளைச் சாக்காகச் சொன்னதையும் சொன்னாள்.

"நான் போட்டது வெத்துப் பேப்பரு. போடலைன்னா வேல இல்லன்னுட்டான், போட்டேன். ஒங்கிட்ட வந்ததுல எழுதியிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்னன்னு?"

மூன்றாவது பத்தியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஒரே ஒரு தரம் படித்தது. காசிமாயன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள்.

"யாரு எழுதுனது?"

"அனிதா."

"தறிக்காரரு மகளா? துணியில கத்தி வச்ச பெறகுன்னு எழுதியிருக்கா பாரு. எங்க கம்பெனியில ஒரு ஆபீசரு வாயில இது வந்ததில்ல."

"நான் சொன்னத வச்சுத்தாம்ப்பா எழுதுனா."

"அப்படியா. சொன்னவளே போடலையாக்கும்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சும்மா, வெட்டிய துணியை அளந்து பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். எழுந்து போய் பீரோவைத் திறந்து, அடித்தட்டில் கைவிட்டு, நாலாய் மடித்த ஒரு துணியை எடுத்து வந்தார். பிரித்தார். ஒரு முயல் முகம். துவைத்தும் போகாத கிரீஸ் ஒரு காதை மறைத்திருந்தது.

"மெக்கானிக்குட்ட கேட்டு வாங்கியாந்தேன். அந்தப் புள்ளய ஒரு ஞாயித்துக்கெழம கூட்டியா. அதுக்குக் காட்டணும்."

"எனக்குக் காட்டவே இல்லையேப்பா."

"நீ கேக்கலையேத்தா."

முயலை மடித்து மறுபடி உள்ளே வைத்தார். சொந்த அப்பாவின் பீரோவுக்குள்ளும் அனிதா புகுந்துவிட்டாளே என்று வேல்விழிக்கு மறுபடி காந்தியது. ராத்திரி முழுக்கக் காந்தியது.

மறுநாள் மங்கலத்தில் பஸ் வந்து நின்றது. அனிதா அதே சீட்டில் இருந்தாள். ஆனால் ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்து, டிபன் பையை இந்தப் பக்கம் வைத்திருந்தாள். வேல்விழி கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எங்கப்பா ஒன்னைய வீட்டுக்கு வரச் சொன்னாரு. அந்த முயலுத் துணி ஒண்ணு வச்சிருக்காரு. காட்டணுமாம்."

அனிதா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்கப்பா கூப்படறாரா, நீ கூப்படறியா?"

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. பொய் சொல்ல வேல்விழிக்கு வாய் வரத்தான் செய்தது. நேற்றைக்குச் சொன்னதே போதும் என்றிருந்தது.

"எங்கப்பாதான். எனக்கு இன்னும் வயிறு எரியுது."

அனிதா இப்போதுதான் திரும்பினாள்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"எரியட்டும்," என்று அனிதா டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு."

வேல்விழி உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தை மட்டும் அனிதா விட்டுக்கொடுக்கவில்லை.