காமெட்டை அணைக்கக் கூடாது

ஊரப்பாக்கத்தில் ஜோயலின் வீட்டுக் கூடத்தில் ஓர் அலமாரி. அதில் பழைய வீடியோ கேம் இயந்திரங்கள் பதினொன்று, பன்னிரண்டாவதற்கு இடமில்லை. குடிவந்த அன்றே அவன் மனைவி ஜெனிஃபர் சட்டம் இயற்றிவிட்டாள்: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். ஆகவே எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்று யோசித்தாலும், எதை இழக்கலாம் என்பதையும் அவன் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது.

இம்முறை அவன் மனத்தைக் கெடுத்தது காமெட் என்ற இயந்திரம். யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனம் நான்கே விளையாட்டுகளோடு அதை வெளியிட்டுவிட்டுக் கடையை மூடிக்கொண்டது. இணையத்தில் அதைப் பற்றி இரண்டு கருத்துகள் அகப்பட்டன. ஒருவர் அற்புதம் என்றிருந்தார். மற்றவர் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவும் என்றிருந்தார். இருவருமே அதை ஆடிப்பார்த்ததாகச் சொல்லவில்லை. லாட்ஜுகளில் கழித்த சாமான்களை வாங்கி விற்கும் ஜலாலுதீன் பாயின் மாமல்லபுரம் கடையில் அப்படி ஒன்று இருப்பதாகப் படத்துடன் விளம்பரம் வந்திருந்தது.

வெளியேற வேண்டியதை ஜோயல் தேர்ந்துவைத்திருந்தான். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து திரும்பியதும் இருவரும் டேபிள் டென்னிஸ் ஆடும் இயந்திரம் அது. பதினொன்றில் மறுபடி எளிதாகக் கிடைக்கக்கூடியது அது ஒன்றே. அதில் அவன் ஜெனிஃபரை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதற்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பில்லை என்று உண்மையாகவே நம்பினான்.

சனிக்கிழமை காலை இருவரும் பைக்கில் புறப்பட்டார்கள். செங்கல்பட்டைத் தாண்டியதும், எது போகிறது என்று ஜெனிஃபர் பின்னாலிருந்து கேட்டாள். சாலை சரியில்லை என்றான் ஜோயல். திருக்கழுக்குன்றத்தில் மறுபடி கேட்டாள். அங்கே சாலை நன்றாக இருந்தது. ஆகையால் காற்றில் காது கேட்கவில்லை என்றான்.

கடையில் ஜலாலுதீன் பாய் பின்கட்டில் கட்டில்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்தவர் அவர் மனைவி பதருன்னிசா. காமெட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியது. படம் நடுங்கும், சத்தம் கரகரக்கும், முன்பு வந்த இருவரும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று அடுக்கினார்.

"ஒண்ணும் தேறாது தம்பி. நல்ல ஃபேன் கீது, அத எடுத்துனு போ."

மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜோயல் தரப் பரிசோதகன். தம் சரக்கைப் புகழ்பவர்களை எட்டாண்டுகளாகப் பார்த்துவருபவன். பழிப்பவரை அன்றுதான் பார்த்தான். துணி போர்த்திய டிவியின் பக்கத்தில் காமெட் இருந்தது. அதன் முகப்பில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கடை முழுவதும் தூசி. அதன்மேல் மட்டும் தூசி இல்லை. கையில் பிடிக்கும் கருவியின் வலப்பக்கப் பொத்தான் தேய்ந்து மின்னியது. இதை யாரோ நாள்தோறும் ஆடுகிறார்கள்.

புரட்டிப் பார்க்கலாம் என்று குனிந்தான். அவன் தொழிற்சாலையில், எந்த இயந்திரத்தின் மேலும் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது விதி. எட்டாண்டுப் பழக்கம் அவனைக் கேட்கவில்லை. கை தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது.

பதருன்னிசா எழுந்து நின்றார்.

"புடுங்கிட்டியா?"

அணைந்துதானே இருந்தது என்றான் ஜோயல். அவர் வந்து விலைச்சீட்டை உரித்தார். அதன் அடியில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. இப்போது அது எரியவில்லை.

விஷயம் மெல்ல மெல்ல வெளிவந்தது. இயந்திரத்தில் ஒரே ஒரு விளையாட்டு மாட்டிக்கொண்டு கழலாமல் கிடந்தது: ஒருவன் கடலில் முங்கிச் சிப்பி பொறுக்க வேண்டும். எடுத்த மதிப்பெண்ணைக் காமெட் நினைவில் வைக்காது, அணைத்தால் மறந்துவிடும். போன ரம்ஜானில் பதருன்னிசா எடுத்தது தொண்ணூற்றெட்டாயிரம். அன்று முதல் அவர் அதை அணைக்கவே இல்லை. மின்சாரம் போனாலும் கடை இன்வெர்ட்டர் அதைக் காத்துவந்தது.

பின்கட்டிலிருந்து வந்து நின்ற ஜலாலுதீன் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பேட்டரி ஏன் சீக்கிரம் எறங்குதுன்னு அந்த பேட்டரிக்காரன் கிட்ட மூணு தபா சண்ட போட்டேனே, பதரு."

"நல்லாதான் போட்டீங்க," என்றார் பதருன்னிசா.

சாதனை போய்விட்ட பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தம்பி எடுத்துப் போகட்டும் என்றார் பாய். பதருன்னிசா மறுக்கவில்லை, ஜோயலைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். ஜெனிஃபர் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவங்க பாட்டுக்கு ஆடிகினு இருந்தாங்க. இப்ப இன்னா பண்ணப் போற?"

ஒருமுறை ஆடிக் காட்டும்படி ஜோயல் பதருன்னிசாவைக் கேட்டுக்கொண்டான். டிவியின் துணி விலகியது. படம் நடுங்கவில்லை, சத்தமும் கரகரக்கவில்லை. மீன்கள் வளைந்து வளைந்து வந்தன, முங்கியவனின் மூச்சு குறைந்துகொண்டே போனது, பதருன்னிசாவின் கட்டைவிரல் அவனை நூலிழையில் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. முப்பதாயிரத்தில் ஆட்டம் முடிந்தபோது, ஜெனிஃபர் உட்கார மறந்து நின்றுகொண்டிருப்பதை ஜோயல் கவனித்தான். வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்று எடுத்துப்போகக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே தெளிவாயிற்று.

விலையைக் கொடுத்தான். அக்கா பழைய மதிப்பெண்ணைத் தாண்டும் வரை இயந்திரம் இங்கேயே இருக்கட்டும், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்றான். காசைக் கொடுத்துவிட்டுப் பொருளை விட்டுப்போகும் ஆளை ஜலாலுதீன் அதுவரை கண்டதில்லை. நோட்டுகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஜெனிஃபர்தான் கணக்கை முதலில் முடித்தாள்.

"அப்போ நம்ம வூட்லேர்ந்து எதுவும் போவ வேணாம்."

"வேணாம்."

"டேபிள் டென்னிஸத் தானே தூக்கலாம்னு இருந்த?"

ஜோயல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அதற்குள் காது கேட்காது.

அவர்கள் ஏழாவது முறை போன சனிக்கிழமை, பதருன்னிசா தொண்ணூற்றெட்டாயிரத்தை நெருங்கினார். இன்னும் ஒரே சிப்பி எடுத்தால் பழைய மதிப்பெண்ணைத் தாண்டிவிடலாம். மூச்சு போதிய அளவு இருந்தது. பக்கத்தில் மீன் எதுவும் இல்லை. அப்போது அவருடைய கட்டைவிரல் பொத்தானிலிருந்து மெல்ல எழும்பியது. முங்கியவன் அசையாமல் நின்று மூச்சை இழந்தான்.

"போச்சு," என்றார் பதருன்னிசா. குரலில் துக்கம் அவ்வளவாக இல்லை. கருவியை ஜெனிஃபரிடம் நீட்டினார். "நீ ஆடும்மா. டீ சொல்றேன்."

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஜோயல் அந்த விரலைத் தெளிவாகப் பார்த்திருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெனிஃபரின் பக்கத்தில் உட்கார்ந்தான். காமெட்டின் முகப்பில், விளக்கை மறைத்தபடி ஒரு புதுச்சீட்டு ஒட்டியிருந்தது: விற்றாயிற்று.