‘லாம்’ போட வேண்டிய இடம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பல் மருத்துவரின் காத்திருப்பறையில் என் நண்பர் சொன்ன ஒரு வரியிலிருந்து எடுத்துக்கொண்டது. நண்பர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். நாற்பது வருடம் ஊரார் நிறுவனங்களின் ஓட்டைகளைத் தேடியவர், அன்று தன் கடைவாயில் ஒன்றைத் தேட வந்திருந்தார். கன்னத்தைப் பிடித்தபடி சொன்னார்: “எங்க தொழில்ல ஒரு வாக்கியம் இருக்கு, எழுத்தாளரே. எழுதினா பலிச்சிடும்.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது வருடமாக எழுதுகிறேன். நான் எழுதி இதுவரை ஒரு கோப்பைத் தேநீர்கூட ஆறியதில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

‘கணக்குப் பிரிவின் ஜன்னலுக்கு வெளியே மழை—’ (வேண்டாம். கணக்காளரை அறிமுகப்படுத்த மழை எதற்கு?)

‘அவள் வாழ்க்கையில் எல்லாமே எண்களாக—’ (பொய். அவளுடைய நாளில் பாதி, சொற்களோடு மல்லுக்கட்டுவதில்தான் போகிறது.)

‘இருபத்தேழாம் குறிப்பு இன்னும் காலியாக இருந்தது.’ (இது இருக்கட்டும்.)

2

இருபத்தேழாம் குறிப்பு இன்னும் காலியாக இருந்தது. ஆண்டறிக்கையில் கணக்குக்கு விளக்கமாகச் சேர்க்கும் மற்ற இருபத்தாறு குறிப்புகளையும் அவள் முடித்துவிட்டாள். மருத்துவமனைக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் தொழிற்சாலை அது. நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பிரிவுக்கு அவள் தலைமை. கமா ஒன்று இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் கீழே இயந்திரக் கூடத்தில் அவளுக்கு ‘கமா அக்கா’ என்று பெயர்.

சற்றுப் பொறுங்கள். கதையை நகர்த்துவதற்கு முன் ஒன்றை விளக்கியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் இதை விளக்கத்தான் இந்தக் கதையையே தொடங்கினேன்.

தொழிற்சாலையில் ஒரு பெரிய எஃகு அச்சு இருக்கிறது. அதற்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தினால் சக்கரமாக வெளியே விழும். இன்னும் எட்டு வருடம் அது உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பங்கு தேய்மானம் கழித்துக்கொண்டே வருவோம். மிச்சம்தான் கணக்கில் அதன் மதிப்பு. அடுத்த மாதம் தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று ஆகிவிட்டால்? அதே அச்சு பழைய இரும்பு. தராசில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று போகும். அச்சில் ஒரு கீறல்கூடப் புதிதாக விழவில்லை. நாளைக்கும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான் போயிருக்கிறது. மதிப்பின் பெரும்பகுதி அந்த நம்பிக்கையில் இருந்திருக்கிறது.

இதற்கு நிறுவனத் தொடர்ச்சி அனுமானம் என்று பெயர். சர்வதேசக் கணக்கியல் தரநிலை, அந்த நம்பிக்கையைச் சும்மா வைத்துக்கொள்ள விடாது. ஆண்டு முடிந்த நாளிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம் எட்டிப் பார் என்கிறது. பாதை தெளிவாக இருந்தால் பேசாமல் மேலே போகலாம். மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் கணக்கின் அடிப்படையையே மாற்ற வேண்டும். தொல்லை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஓடும் என்று நம்புகிறீர்கள், ஆனால் ஓடாமல் போகவும் பெரிய காரணம் இருக்கிறது என்றால், கணக்கைப் பழையபடியே போட்டுக்கொள்ளலாம். அந்தக் காரணத்தை மறைக்காமல் குறிப்பில் எழுத வேண்டும்.

அவளுடைய தொழிற்சாலை அந்த நடுவில் நின்றது. பாதிக்கு மேல் சக்கரம் வாங்கும் கட்டில் நிறுவனம், வரும் ஆண்டிலிருந்து வேறிடத்தில் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டது. வங்கிக் கடன் ஐந்து மாதத்தில் முடிகிறது. புதுப்பிப்பீர்களா என்று கேட்டால், “உங்க ஆண்டறிக்கை வரட்டும், பாத்துட்டுச் சொல்றோம்” என்கிறது வங்கி. கடன் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் ஆண்டறிக்கையை முடிக்க முடியாது. ஆண்டறிக்கை முடியாமல் கடன் புதுப்பிக்கப்படாது.

[நண்பர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: ‘எல்லாம் சரி. கதை எப்போது ஆரம்பிக்கும்?’]

3

வியாழக்கிழமை காலை, முதலாளியின் அறை.

முதலாளியைக் கெட்டவராக எழுதத்தான் முதலில் நினைத்தேன். தங்கமுலாம் பேனா, ஏசிக் குளிர், மேசைமேல்— (அடித்துவிட்டேன்.) அவர் மூன்று மாதமாகச் சம்பளம் எடுக்கவில்லை. அது பன்னிரண்டாம் குறிப்பில் இருக்கிறது.

அவள் கொடுத்த வரைவை இரண்டு முறை படித்தார்.

“இதைப் படிச்சா பேங்க்காரன் கடன் குடுப்பானாம்மா?”

“குடுக்காமப் போகலாம், சார்.”

“சக்கர விளிம்புக்கு ரப்பர் குடுக்கிறவன்?”

“கையில காசு வச்சாத்தான் சரக்குன்னு சொல்லுவான்.”

“அப்ப நம்ம கம்பெனியை மூடுறது பேங்க் இல்ல. நீங்க.”

அது முழுப் பொய்யும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எழுதினால் பலித்துவிடும் என்று நண்பர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்ன வாக்கியம் அந்த வரைவில் இருப்பதுதான்.

“சரி, பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டோம்னு வைங்க. குறிப்பே வேண்டாம்.”

“அப்படி முடிவு பண்ணலாம், சார். ஆனா இழுபறியா யோசிச்சுத்தான் அந்த முடிவுக்கு வந்தோம்னா, எப்படி வந்தோம்னு எழுதணும்.”

“எழுதாம இருக்கிறதுக்கும் எழுதணுமா?”

“ஆமா சார்.”

“என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு குடைஞ்சதில்ல.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வரைவை மறுபடி இழுத்துக்கொண்டார். அதில் இப்படி இருந்தது:

‘நிறுவனத்தின் தொடர்ச்சி குறித்துக் கணிசமான ஐயத்தை எழுப்பலாம் என்ற அளவுக்கு, முக்கியமான நிச்சயமின்மை ஒன்று இருக்கிறது.’

கடைசிச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டார்.

“இதை மட்டும் ‘இருக்கலாம்’னு மாத்துங்க. ஏற்கெனவே ஒரு ‘லாம்’ போட்டிருக்கீங்க. இன்னொண்ணு போட்டா என்ன குடிமுழுகிப் போகுது?”

இந்த இடத்தில் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. பாருங்கள்: முதல் ‘லாம்’ தரநிலையே அனுமதித்தது. ஐயம் எழலாம், எழாமலும் போகலாம். நாளை நடப்பதற்கு ‘லாம்’ போடுவதில் தப்பில்லை. நிச்சயமின்மை அப்படியல்ல. வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை என்பது இன்றைய நிலவரம். அதை ‘இருக்கலாம்’ என்று எழுதினால், சந்தேகம் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று ஆகிவிடும். படிக்கிறவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இரண்டெழுத்து, சில சொற்கள் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

“யோசிக்கிறேன், சார்” என்றாள் அவள்.

“திங்கக்கிழமை பதினோரு மணிக்கு போர்டு மீட்டிங். அதுக்குள்ள யோசிங்க.”

4

அவளுடைய அண்ணன் அதே தொழிற்சாலையில், அந்தப் பெரிய அச்சு இருக்கும் பிரிவில் மேற்பார்வையாளன். ஒரே வீட்டில்தான் எல்லோரும்: அண்ணன், அண்ணி, அவள். வேறொரு ஊர்த் தொழிற்சாலையிலிருந்து அவனுக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான்.

“கேட்கக் கூடாதுன்னு தெரியும்” என்றான்.

“அப்ப கேட்காத.”

“உங்க தங்கச்சிகிட்ட ஆபீஸ் விஷயமா?” என்றாள் அண்ணி. “அவ கனவுலகூட வாயைத் தெறக்க மாட்டா.”

“ஒண்ணே ஒண்ணு. கம்பெனி இருக்கும்ல? நான் இருக்கட்டுமா?”

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.

“இருக்கலாம்.”

தமிழில் எழுவாய் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே இந்த மொழியில் எழுதுகிறவன் நான். முதல் கேள்விக்கு அந்தப் பதிலைப் பொருத்தினால், கம்பெனி ஒருவேளை இருக்கும், ஒருவேளை இருக்காது. இரண்டாவதற்குப் பொருத்தினால், தாராளமாக இரு, அண்ணா.

[நண்பர்: ‘கமாவுக்குச் சண்டை போடுகிறவள் இப்படியா பேசுவாள்? நம்ப முடியவில்லை.’ எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. வெளிவராத கணக்கைப் பற்றி மூச்சுவிடுவது தொழில் துரோகம். பொய்யும் சொல்ல வராது. நடுவில் மொழி அவளுக்கு விட்டிருந்த ஒரே சந்து அது. நுழைந்துவிட்டாள்.]

வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்பியதும் அண்ணி முகமெல்லாம் வெளிச்சமாக வந்து சொன்னாள்: “உங்க அண்ணன் அந்த வேலை வேண்டாம்னு போன்ல சொல்லிட்டார். நீ சொன்னியாமே, இருக்கலாம்னு.”

5

இனி முடிவு. என்னிடம் சில இருந்தன.

அவள் ‘இருக்கிறது’ என்றே எழுதுகிறாள். வங்கி அதைக் காட்டிக் கையை விரிக்கிறது. ஆறாம் மாதம் அச்சு தராசில் ஏறுகிறது. குறிப்பு சரியாக எழுதப்பட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அவள் ‘இருக்கலாம்’ என்று மாற்றுகிறாள். வங்கி புதுப்பிக்கிறது. அந்தப் பணத்தில் பத்து மாதம் ஓடி, பதினோராம் மாதம் ஒரு நாள் காலையில் வாசலில் பூட்டு. கடைசி இரண்டு மாதச் சம்பளம் யாருக்கும் இல்லை. வங்கிக்காரர் இருபத்தேழாம் குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு—

புதிதாக ஒரு மருத்துவமனை வந்து பத்தாயிரம் சக்கரம் கேட்கிறது! இதை ஆசையோடு எழுதினேன். நண்பர் ஒரே கோட்டில் அடித்தார். “நிர்வாகம் ‘எங்ககிட்ட ஒரு திட்டம் இருக்கு’ன்னு சொன்னா, நாங்க ஆதாரம் கேட்போம். கையெழுத்துப் போட்ட ஆர்டர் எங்க?” என்னிடம் இல்லை.

எல்லாவற்றிலும் நான் கைவைக்கத் துணியாத இடம் ஒன்று இருந்தது. அண்ணனிடம் அவள் என்ன சொல்வாள்? மன்னிப்புக் கேட்கும் காட்சி ஒன்றை மனதில் தயாராக வைத்துக்கொண்டு, அவளைத் திங்கட்கிழமை காலை இயந்திரக் கூடத்துக்கு அனுப்பினேன்.

6

பத்து மணி. அச்சு திறந்து மூடும் சத்தம். அண்ணன் காதடைப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். இயந்திரத்துக்குப் பின்னால் சற்றுச் சத்தம் குறைந்த இடத்துக்குப் போனார்கள்.

“அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது—”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இருன்னு சொல்லணும்னா நீ ‘இரு’ன்னே சொல்லியிருப்ப. உன் வாயில ஒரு எழுத்து மிச்சமா வராது. ‘லாம்’னு வந்தப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்ன?”

“நான் பேப்பர் போட்டா இங்க என்ன பேச்சு கிளம்பும்? கணக்குப் பாக்கிறவளோட அண்ணனே ஓடுறான், அப்ப கதை முடிஞ்சுதுன்னு. ரப்பர்காரனுக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும். அப்புறம் உன்னைத்தானே கூப்பிட்டுக் கேப்பாங்க, வீட்டுல போய்ச் சொன்னியான்னு?”

“அதுக்காகவா?”

“வேற எதுக்கு?”

அண்ணன் தொலைவில், சக்கரங்களின் பிசிறு சீவிக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்தான்.

“அவனுங்களுக்கும் அதே இடத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. இன்னிக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் டைம்.”

“என்ன சொல்லப் போறாங்க?”

“நான் இருக்கேன்ல. அவனுங்களும் இருக்கானுங்களாம்.” காதடைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கமா அக்கா அண்ணனே போகலைன்னா கம்பெனி கெட்டியாத்தான் இருக்கும்னு சொன்னான் ஒருத்தன். நான் என்னத்தைச் சொல்ல? வாயைத் தெறந்தா உன் வேலை போகும். தெறக்காட்டி அவனுங்க வேலை.”

இதை நான் திட்டமிடவில்லை. தங்கையின் பெயரைக் காப்பாற்றத்தான் அவன் நின்றான். ஆனால் அவன் நிற்பதே ஓர் அறிக்கை ஆகிவிட்டது. கையெழுத்தோ குறிப்போ தணிக்கையோ இல்லாத அறிக்கை. அந்த இருவரும் அதைத்தான் நம்பிப் படிக்கிறார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

7

அவள் மேலே போனாள். இருபத்தேழாம் குறிப்பைத் திறந்தாள். ‘இருக்கிறது’ என்பதை அப்படியே விட்டு, வங்கிக் கடன் முடியும் தேதியையும் கட்டில் நிறுவனத்தின் கடிதத்தையும் அதற்குக் கீழே சேர்த்தாள். அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தாள்.

அவர் உட்கார்ந்தபடியே படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். “கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார்.

அவள் படியிறங்கிக் கூடத்துக் கதவு வரை வந்து நிற்கிறாள். முதலாளி இப்போதே கையெழுத்துப் போட்டாலும் ஆண்டறிக்கை வெளியாவது வியாழக்கிழமை. அந்த இருவருக்கும் அது உதவாது.

கணக்கறிக்கைக்கு ஒப்புதல் தேதி என்று ஒன்று உண்டு. ஆண்டு முடிந்ததிலிருந்து அந்தத் தேதிவரை நடந்ததையெல்லாம் பார்த்து எடைபோட வேண்டும். ஒப்புதலுக்கு அடுத்த நிமிடம் நடப்பது அந்த அறிக்கைக்குள் வராது, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும். நண்பர்தான் சொன்னார், கதைக்கும் அப்படி ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருத்திக்கொண்டே இருப்பீர்கள் என்று.

திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஒப்புதல் தருகிறேன். இதற்குமேல் ஒரு வரியும் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் இதைப் படிப்பது அதற்குப் பின்னால். உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சக்கரம் சீவிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருக்கிறது. அவள் கை கதவின் மேல் இருக்கிறது.