இளையவளின் அழுக்குத் தகடு

ஒரே சூலகப் புற்றுக்கட்டி. உறையவைத்து ஒரே கத்தியால் சீவிய துண்டுகள். தேடும் பொருளில் மட்டும் போய் ஒட்டி ஒளிரும், ஒரே புட்டியிலிருந்து சொட்டிய எதிர்ப்பொருள். இளையவளின் கண்ணாடித் தகட்டில் செல்களின் விளிம்பெல்லாம் பச்சை வளையங்களாக ஒளிர்ந்தன. மூத்தவளின் தகடோ கரிக்கட்டை. ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இருவரும் ஓரகத்திகள். வீட்டில் இளையவள்தான் மாமியாருக்குச் செல்லம். இப்போது ஆய்வகத்திலுமா? யார் தகடு தேறுகிறதோ அவளிடமே புதிதாக வரும் கட்டிகளை ஒப்படைக்கப்போவதாகத் துறைத்தலைவி சொல்லிவிட்டார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. குடித்த கோப்பையைக் கழுவாமல் மேசையிலேயே விடுகிறவளுக்கா அந்த வேலை? தகட்டில்கூட அங்கங்கே சாயத் திட்டுகள்!

"அது ஒளி இல்ல, அழுக்கு. கழுவிக் காட்டட்டுமா?"

"கழுவுங்களேன் அக்கா. வீட்டுலதான் நான் கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவுறீங்க, இங்க மட்டும் ஏன் குறை வைக்கணும்?"

மூத்தவள் தன் கழுவுநீரில் தகட்டை முக்கி, ஆட்டி எடுத்து, நுண்ணோக்கியில் வைத்தாள். இருட்டு. திட்டுகளும் இல்லை, வளையங்களும் இல்லை. மனம் குளிர்ந்துபோனது.

"பாத்தியா? எல்லாமே அழுக்கு."

இளையவளின் முகம் சுருங்கியது. "அழுக்குன்னா கண்ட இடத்துல ஒட்டும். செல்லோட ஓரத்துல மட்டும் கோடு போட்ட மாதிரி எப்படிக்கா ஒட்டும்?"

மூத்தவளுக்கு நாக்கு கூசியது, இருந்தாலும் கேட்டாள். "நீ எதுல கழுவுற?"

"வெறும் உப்புநீர். உங்கள மாதிரி சோப்புக் கரைசல் கலக்க யாருக்குப் பொறுமை இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கோபத்தோடு டீ குடிக்கக் கிளம்பிவிட்டாள்.

மூத்தவள் தன் புட்டியையே பார்த்தாள். பல வருஷமாக அவள் தேடியது புரதங்களை. துண்டு கெடாமல் நிறுத்திவைக்கும் ஃபார்மலின், புரதத்தை ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் சோப்புக்கெல்லாம் அசையாது. இப்போது தேடுவதோ சர்க்கரைக் கொழுப்பு. அதன் சர்க்கரைத் தலை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பு வால் செல்லின் தோலில் செருகியிருக்கும். அந்த வாலில் ஃபார்மலினுக்குப் பிடி கிடையாது. சோப்போ கொழுப்பைக் கண்டால் விடாது. வாலைப் பிடுங்கினால் தலையும் போகும், தலையில் ஒட்டிய எதிர்ப்பொருளும் போகும். இத்தனை நாள் அவள் கழுவிக் கொட்டியது தேடிய பொருளையேதான்.

மிச்சமிருந்த துண்டொன்றை எடுத்து, எதிர்ப்பொருளைச் சொட்டி, இளையவளின் உப்புநீரிலேயே கழுவி, நுண்ணோக்கியில் வைத்தாள். பச்சை வளையங்கள்!

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவி உள்ளே வந்து குனிந்து பார்த்தார். "பிரமாதம்! இது யாரோடது?"

இளையவளின் தகடு பக்கத்தில் இருண்டு கிடந்தது. 'என்னுடையது' என்ற வார்த்தை மூத்தவளின் தொண்டைவரை வந்தது. ஆனால் அடுத்த கேள்வி, எப்படி என்பதுதான். எப்படி என்று சொன்னால், யாருடைய வழி என்றும் சொல்லியாக வேண்டும்.

"தகடு என்னோடது, மேடம். வழி அவளோடது. அவளோடதுதான் முதல்ல ஒளிர்ந்துச்சு. நான்தான் கழுவிக் கெடுத்தேன்." வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. "உறைஞ்ச துண்டை ஃபார்மலின்ல நிறுத்தணும். சோப்பு, ஆல்கஹால் ரெண்டுமே கொழுப்பைக் கரைச்சிடும், கிட்டயே வரக்கூடாது. கடைசிவரைக்கும் வெறும் உப்புநீர்லதான் கழுவணும்."