வாய்க்காலில் மிதந்த மைதானம்

பண்ணையில் பாலாடைக்கட்டி வாங்கப் போன வீட்ஸ்கே, கொட்டகையின் பின்பக்கம் சைக்கிளைச் சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சைச் சுருள்கள் குவிந்திருந்தன. எல்லாம் பழைய செயற்கைப் புல். ஒரு சுருளின் முனை பிரிந்து கிடந்தது. அதில் நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளை நாரை.

அது அவளுடைய கால்பந்து கிளப்பின் சின்னம். பதினாறு வருடமாக அங்கே அவள்தான் செயலாளர். இந்த வருடம் ஜூன் மாதம் மைதானத்தின் பழைய புல்லைப் பெயர்த்து லாரியில் அனுப்பினார்கள். மணல், ரப்பர், இழை எல்லாவற்றையும் பிரித்து மறுசுழற்சி செய்தாகிவிட்டது என்று ஒப்பந்தக்காரர் தந்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதும் அவள்தான்.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?" பின்னால் வந்து நின்ற பண்ணைக்காரர் யெல்மரிடம் கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்த ஒப்பந்தக்காரர் ஆளுங்கதான், மூணு மாசம் வெச்சுக்கங்க, எடுத்துக்கறோம்னாங்க. ரெண்டு வருஷமாச்சு. கொண்டுவந்து கொட்டுறானுங்களே தவிர ஒருத்தனும் எடுக்கல. போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. மொத்தம் பதினொரு கிளப்போடது. இங்க வாங்க, இதையும் பாருங்க."

வாய்க்கால் ஓரம் தண்ணீர் கறுத்திருந்தது. மிளகு தூவியதுபோல ரப்பர் துகள்கள் மிதந்தன. நாணலுக்குள் ஒரு நீர்க்கோழிக் கூடு. பாதிக்குப் பாதி பச்சை நெகிழி இழை. அதில் கால் சிக்கிய குஞ்சு ஒன்று காய்ந்து கிடந்தது.  வீட்ஸ்கே பாலாடைக்கட்டி வாங்க மறந்தே போனாள்.

நேரே கிளப்புக்குப் போய்ச் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கினாள். முதல் தடவையாக வரி விடாமல் படித்தாள். தேதி ஏப்ரல் மூன்று. புல்லைப் பெயர்த்ததோ ஜூனில்! தரையில் கிடந்த புல்லையே மறுசுழற்சி செய்துவிட்டதாக எழுதித் தந்திருக்கிறார்கள். நான்கு மாதமாக அத்தனை பேரும் அதன் அடியில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டுக் கிளப் தலைவர் டௌவேயின் முகம் வெளிறியது. "அடிப்பாவி, இத வெளிய சொல்லிடாத. ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அந்தக் குஞ்சை நீ பாத்திருந்தா இப்படிப் பேசமாட்ட டௌவே."

அன்று மாலைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.  முன்னாள் கோல்கீப்பர் ரின்ஸ் எழுந்தார். "நம்ம குப்பைய நாமதான்யா அள்ளணும். என் டிராக்டர் இருக்கு."

சனிக்கிழமை ஆறு டிராக்டர்கள் வந்தன. தங்கள் கிளப்பின் சுருள்களை ஏற்றினார்கள், வாய்க்காலை வலை போட்டு அரித்தார்கள். ஒப்பந்தக்காரர்மேல் புகார் கொடுத்தார்கள். புல்லை நிஜமாகவே பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றைத் தேடிப் பிடித்து, சுருள்கள் போன லாரியிலேயே வீட்ஸ்கேவும் ஏறிப் போனாள்.

"எதுக்கும்மா நிக்கிறீங்க? ரசீது தர்றோமே," என்றார் ஆலைக்காரர்.

"தாங்க. ஆனா நான் பாத்துட்டுத்தான் போவேன்."

கடைசிச் சுருள் எந்திரத்துக்குள் போய், மணல் ஒருபுறமும் ரப்பர் ஒருபுறமும் இழை ஒருபுறமுமாகக் கொட்டும்வரை நகராமல் நின்றாள். மறுநாள் மற்ற பத்து கிளப்புகளுக்கும் போன் செய்தாள். நான்கு கிளப்புக்காரர்கள் வண்டியோடு வந்து தங்கள் சுருள்களை எடுத்துப் போனார்கள். மீதி ஆறு கிளப்புகளின் சுருள்கள் இன்னும் யெல்மரின் கொட்டகைக்குப் பின்னால்தான் கிடக்கின்றன.