மரங்கள் அசையக் கூடாது

என் நாத்தனாருக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அதுவும் அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. காய் நறுக்கும்போது பேசுவாள், தலை துவட்டும்போது பேசுவாள், தூக்கத்தில்கூட இரண்டு வரி பேசிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. அப்படிப்பட்டவளை மிருகக்காட்சி சாலையில் கதை சொல்லும் வேலைக்கு எடுத்து, நான் வேலை பார்க்கிற இருட்டுக் கூடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும்?

இருட்டுக் கூடம் இரவில் விழித்திருக்கும் பிராணிகளுக்கான கட்டடம். பகலில் உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். ராத்திரி வந்துவிட்டது என்று நம்பி அவை நடமாடும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வெள்ளை விளக்கைப் போட்டுத் தூங்க வைப்போம். புலி, கரடி எல்லாம் பார்த்து முடித்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கத்தான் இங்கே வருவார்கள். கண்ணாடியைத் தட்டுவார்கள், ஒன்றுமே இல்லையே என்பார்கள், போய்விடுவார்கள். யாரும் நின்று பார்க்காத பிராணிகளைப் பற்றிக் கதை சொன்னால் கூட்டம் நிற்கும் என்று மேனேஜருக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நிற்கத்தான் செய்தது. என் ஆத்திரமே அதுதான். வருஷக்கணக்காகக் கூண்டு கழுவி, பூச்சி பிடித்துப் போட்டு வளர்த்தவள் நான். வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவளுக்குக் கைதட்டல்.

அதிகக் கூட்டம் சேர்ந்தது தேவாங்கு கூண்டுக்கு முன்னால். ஒல்லியாக இருப்பவர்களைத் திட்டுவதற்கு எல்லாரும் தேவாங்கு என்போம், ஆனால் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஓர் அணிலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, குச்சிக் கைகால், முகத்தில் பாதி கண். எங்களிடம் ஒரு தாயும், பிறந்து சில வாரமே ஆன குட்டியும் இருந்தன. குட்டியைக் கிளையில் தொற்ற விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். காட்டிலும் அப்படித்தான்.

போன தடவை பிறந்த குட்டியை நான் இழந்திருந்தேன். தாயின் கண்ணில் புண் என்று டாக்டர் கையில் பிடித்து மருந்து போட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் கூண்டுக்குள் விட்ட பிறகு மிரண்டுபோன தாய் குட்டியை அண்ட விடவே இல்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். குட்டி என் உள்ளங்கையிலேயே செத்தது. இந்தத் தடவை தாய் மேல் மனிதக் கை படவே கூடாது என்று எல்லாரிடமும் கறாராகச் சொல்லி வைத்திருந்தேன்.

கண்ணாடியின் ஒரு பக்கத்தில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீனிக் கதவு உண்டு. ரேடியோ அதன் வழியாக ஒரு வெட்டுக்கிளியைப் போட்டால் தாய் முன்பக்கம் வரும், கூட்டம் வாயைப் பிளக்கும். கதவைச் சாத்தும்போது கொக்கி டக்கென்று விழும். அந்தச் சத்தத்துக்குக் குட்டி ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டது. அன்று காலை நான் பொறுக்கமாட்டாமல் அவளைப் பிடித்துக் கத்திவிட்டேன். குட்டி இருக்கிற இடத்தில் இப்படியா அடித்துச் சாத்துவாய், சத்தமே வராமல் மூடத் தெரியாதா என்று. அவள் அதிசயமாக எதிர்த்துப் பேசாமல் சரி அண்ணி என்றாள்.

மத்தியானக் கூட்டம் நிறைந்து நின்றது. நான் கூண்டுக்குப் பின்னால் இருக்கிற குறுகலான நடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ரேடியோவின் குரலும், தொப்பி போட்ட ஒரு ஆளின் குரலும் மாறி மாறிக் கேட்டன. புலிக்குத் தீனி போடுகிற நேரத்தில் இந்தத் தேவாங்கைப் பார்க்கவா கூட்டி வந்தாய் என்று அவர் மனைவியிடம் சலித்துக்கொண்டார். வீட்டில் தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதானே என்று அந்த அம்மா சொல்ல, கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பின்பக்கத் துவாரம் வழியாக உள்ளே பார்த்தேன்.

குட்டி கிளையில் தனியாக இருந்தது. தாயைக் காணோம். மேலே பார்த்தேன், மூலையில் பார்த்தேன், இலைக்கொத்துக்குள் பார்த்தேன். தீனிக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. ரேடியோ சத்தம் வராமல் மூடியிருக்கிறாள். கொக்கி விழவே இல்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாக முன்னால் வந்தேன். ஓடவும் முடியாது, ஓடினால் கூட்டம் மிரளும். சிவப்பு வெளிச்சத்தில் கால்கள், கால்கள், ஒரே கால்கள். அதற்கு நடுவில் தரையில் இரண்டு பொறி மின்னி அணைந்தது. தாயின் கண்கள்தான். ஒரு செருப்பு பின்னால் நகர்ந்தால் போதும், எலும்புகூட மிஞ்சாது. தாய் போனால் பால் குடிக்கிற குட்டியும் போச்சு. பாய்ந்து பிடிக்கலாம். பிடித்தால் போன தடவை கதைதான்.

ரேடியோவின் முழங்கையைத் தொட்டு, தாய் வெளியே, தரையில், தொப்பிக்காரர் பக்கம் என்று காதில் சொன்னேன். இன்னொருத்தியாக இருந்தால் ஐயோ என்றிருப்பாள். இவள் மூச்சுக்கூட மாறாமல் பேச்சைத் திருப்பினாள். சாவு வீட்டிலும் சண்டையிலும் நிற்காத வாய். அதை எத்தனை தடவை சபித்திருப்பேன்.

தேவாங்குக்குத் தாவத் தெரியாது என்று கூட்டத்துக்குச் சொன்னாள். கிளைக்குக் கிளை கைமாற்றிக் கைமாற்றித்தான் போகும், இரண்டு மரத்துக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அதோடு அதன் உலகம் முடிந்தது. அப்படி ஒரு தாய் ஒரு நாள் தரையில் மாட்டிக்கொண்டாள், எதிர் மரத்தில் அவள் குட்டி. இப்போது இந்தக் கூடம்தான் காடு, நீங்கள்தான் மரங்கள், மரங்களுக்கு வேர் உண்டு, அதனால் யாரும் பாதத்தை எடுக்கக் கூடாது என்றாள். சிலர் கிளுகிளுவென்று சிரித்தார்கள். ஆனால் நின்றார்கள். ஒரு பெண் படம் எடுக்க போனைத் தூக்கினாள். காட்டில் மின்னல் வேண்டாம் என்றாள் ரேடியோ. பக்கத்திலிருந்தவர் அந்தப் போனைத் தன் கையால் மூடினார்.

அப்போது வெளிக்கதவு தட்டப்பட்டது. அடுத்த கூட்டத்தை வாசல்காரர் உள்ளே விடப்போகிறார். கதவு திறந்தால் பட்டப்பகல் உள்ளே கொட்டும், எல்லாரும் திரும்புவார்கள், நகர்வார்கள். நான் இருந்த இடத்திலிருந்து கதவை எட்டவே முடியாது. கதையை நிறுத்தாமலே, வாசல் பக்கத்து மரம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றாள் அவள். கடைசியில் நின்ற கண்ணாடி போட்ட அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே தட்டல் பலமானது.

தேவாங்கு நிமிர்ந்து நிற்கிற எதையும் பிடித்து ஏறும். தொப்பிக்காரரின் கால்சட்டையில் தாய் கை வைப்பதை நான் பார்த்தேன். அவரும் உணர்ந்துவிட்டார். தோள் தூக்கிப் போட்டது.

"ஐயா," என்றாள் ரேடியோ, குரலை ஒரு படி இறக்கி. "இது கதை இல்ல. உங்க கால்ல ஏறுறது அந்தத் தாய்தான். நீங்க உதறினா அவ செத்துடுவா, குட்டியும் செத்துடும். மரமா நில்லுங்க."

சிரிப்பு நின்றது. தொப்பிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எலி ஓடினால் நாற்காலி மேல் ஏறுகிற மனுஷன் அவர் என்று அவர் மனைவி பிறகு சொன்னார். தாய் அவர் முழங்காலைத் தாண்டினாள், இடுப்பைத் தாண்டினாள், தோளில் போய் உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. கால் மட்டும் அசையவில்லை.

கிளைகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்றாள் ரேடியோ. அவர் கையை நீட்டினார், மனைவி தன் கையை அதோடு சேர்த்தார், அதற்கு அடுத்து ஒரு முகம் தெரியாத பெண். நான் தீனிக் கதவை அகலத் திறந்து, ஒரு கையை உள்ளே வைத்து, இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் விரல்களைத் தொட்டேன். சில்லிட்டிருந்தன. அவளுடையதா என்னுடையதா தெரியாது.

தாய் வந்தாள். ஒரு கை, ஒரு கால், ஒரு நிறுத்தம். மனைவியின் கையில் நின்று முகர்ந்தாள். அடுத்த கைக்கு மாறினாள். என் மணிக்கட்டில் ஏறியபோது ஈரமான சின்ன விரல்கள் இறுகின. முழங்கை வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சுற்றிலும் அத்தனை கண்கள், வாசலில் கதவு தட்டுகிற சத்தம். தலையைத் திருப்பித் திரும்பவும் கூட்டத்தைப் பார்த்தாள். திரும்பிப் போனால் எல்லாம் போச்சு. பேசு, ஏதாவது பேசு என்று மனதுக்குள் நாத்தனாரிடம் மன்றாடினேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாய் மூடியதைக் கேட்டேன். உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் பார்த்தாள். கூடம் முழுக்க மூச்சு அடங்கியது. வாசல்காரர்கூட அலுத்துப்போய்த் தட்டுவதை விட்டிருந்தார். அந்த அமைதியில், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. குட்டி கூப்பிட்டது. இவ்வளவு நேரமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் இரைச்சலில் யாருக்குக் கேட்டது?

தாய் என் தோளைத் தாண்டி, மறு கை வழியாக உள்ளே போனாள்.

கையை உருவி, கதவைச் சாத்தினேன். டக். இவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"அப்புறம் என்னாச்சு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. ரேடியோ வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. பார்வையாளர்களிடம் தட்டாதீங்க என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசி அறியாதவள் நான். கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தேன். தாய் கிளைக்குப் போய்விட்டாள். குட்டியை முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் உயிரே போனது. என் கை வாசனையும் இத்தனை பேர் வாசனையும் அவள் மேல் அப்பியிருக்குமே. குட்டி ஒரு கையை நீட்டி அவள் வயிற்று முடியைப் பிடித்தது. அவள் தள்ளவில்லை. குனிந்து நக்கினாள்.

"சேர்த்துக்கிட்டா," என்றேன். குட்டி அவள் வயிற்றில் முகம் புதைத்தது. "பால் குடிக்குது."

யாரும் கைதட்டவில்லை. சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். நான் போய் நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தன் தப்புதான், வேலை போனாலும் பரவாயில்லை என்று கம்மிய குரலில் ஆரம்பித்தாள்.

"சத்தம் வராம மூடச் சொன்னது நான்," என்றேன். "மேனேஜர்கிட்ட அதை நான்தான் சொல்லுவேன். நீ வாயைத் திறக்காத."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். தள்ளிவிடத் தோன்றவில்லை. தொப்பிக்காரர் இன்னும் கையை நீட்டியபடியே, கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருந்தார். சட்டைத் தோளில் சின்னச் சின்னதாக ஈர விரல் தடங்கள். தேவாங்கு தன் மூத்திரத்தில் கைகால் கழுவிக்கொள்ளும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

"ஏம்மா," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "மரம் இப்ப கையை இறக்கலாமா?"